'முடியாது' என்று நேராகச் சொல்லாதது நம் பண்பாட்டுக் கோளாறா?

வாசகர் கேள்வி, 2024 ஜூன் 4

பெங்களூரில் ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் கிளையில் வேலை செய்கிறேன். நம் ஆட்கள் யாரும் ஒரு வேலையை முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. 'பார்க்கலாம்', 'ட்ரை பண்றேன்', 'நாளைக்குச் சொல்றேன்' என்பார்கள். கேட்டவன் காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். என் மேனேஜர் டச்சுக்காரர். முடியாது என்றால் முடியாது, அதோடு சரி. நம்முடையதைப் பண்பாடு என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது பயமும் பொய்யும் கலந்த பழக்கமாகத்தான் தெரிகிறது. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 4, இரவு

மறுக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கும்.

நான் திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர். ஒரு பக்கம் ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இருக்கும் பையர்கள், அதாவது எங்களிடம் துணி வாங்குகிறவர்கள். இன்னொரு பக்கம் நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி அழுத்தித் தருவது), பிரிண்டிங் என்று ஜாப் ஒர்க் செய்து தருகிறவர்கள். பையர் கேட்பதை இவர்களிடம் கேட்டு, இவர்கள் சொல்வதைப் பையருக்கு எழுதுவதிலேயே என் பகல் முழுக்கப் போய்விடும்.

சாயப்பட்டறை அண்ணனோடு பேசும் போன் இப்படித்தான் இருக்கும்:

"அண்ணா, நேவி ப்ளூ வெள்ளிக்கிழமை வந்துருங்களா?"

"வந்துருமுங்க."

"அப்ப பையருக்கு எழுதிரட்டுங்களா?"

"எழுதிக்கங்க. பாய்லர்ல மட்டும் ஒரு சின்ன வேலை ஓடிட்டிருக்குதுங்க."

வெள்ளிக்கிழமை துணி வராது என்று அவர் சொல்லிவிட்டார். பாய்லரைப் பற்றி நான் கேட்கவே இல்லை. கேட்காததை ஒருவர் தானாக எடுத்துச் சொன்னால் பதில் அங்கேதான் இருக்கிறது. இந்தத் தொழிலில் இருக்கும் யாரிடம் வேண்டுமானாலும் இந்தப் பேச்சைக் காட்டுங்கள், திங்கள் சாயங்காலத்துக்கு முன்னால் துணி கிடையாது என்பார்கள். பொய் என்றால் யாராவது ஏமாற வேண்டுமே. இங்கே யாரும் ஏமாறவில்லை.

நேராகச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அவருக்கும் எங்களுக்கும் நடுவில் பெரிய ஒப்பந்தப் பத்திரம் எதுவும் இல்லை. பில் போட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் பணம் போகும். அதுவரை அவரை எங்களோடு பிடித்து வைத்திருப்பது முகதாட்சண்யம் ஒன்றுதான். "முடியாதுங்க" என்று அவர் சொல்லிவிட்டால் நான் கோபப்பட்டே ஆக வேண்டும். நான் கோபப்பட்டால் அவரும் விட்டுக்கொடுக்காமல் பேச வேண்டும். விஷயம் இரண்டு பக்க முதலாளிகள் வரை போய்விடும். பாய்லர் என்று சொன்னதால் "அய்யோ, எப்பங்க சரியாகும்?" என்று கேட்க எனக்கு வழி கிடைக்கிறது. "ஞாயித்துக்கிழமை ஆயிருமுங்க" என்கிறார். நான் பையருக்குச் செவ்வாய் என்று எழுதிவிடுகிறேன். தகவல் முழுசாக வந்துவிட்டது, இரண்டு பேருக்கும் மரியாதை போகவில்லை.

ஜூன் 5, காலை

டச்சு மேனேஜரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கும் ஒரு டச்சு பையர் அம்மா உண்டு. சாம்பிளுக்கு அவர் எழுதும் கமென்ட்டைப் பார்த்தால் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அழுதுவிடுவார்கள். "காலர் மோசம். திரும்பச் செய்யவும்." அவ்வளவுதான். வணக்கமும் கிடையாது, நன்றியும் கிடையாது. அவர் திருப்பூர் வந்தபோது பேசிப் பார்த்தேன். அவ்வளவு அன்பான மனுஷி. சுற்றி வளைத்து எழுதினால் நம் நேரத்தை வீணாக்குவதாக அவர் நினைக்கிறார். அவர் ஊரில் அதுதான் மரியாதை. அவருடைய நேர்ப்பேச்சும் ஒரு ஊரின் வழக்கம், நம் சுற்றுப்பேச்சும் ஒரு ஊரின் வழக்கம். ஒன்றை உண்மை என்றும் மற்றதைப் பொய் என்றும் பிரிப்பதைத்தான் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

ஜூன் 5, மாலை

சாப்பாட்டில் இதே கதைதானே என்று மதுரை நண்பர் கேட்டிருக்கிறார். ஆமாம். அந்த டச்சு அம்மாவை எங்கள் முதலாளி வீட்டுக்கு அழைத்துப்போனோம், வாழை இலைச் சாப்பாடு. "போதும்" என்றார், வைத்தார்கள். மறுபடி "போதும்", மறுபடி வைத்தார்கள். நம்மூரில் முதல் 'போதும்' யார் காதிலும் விழாது. இலைக்கு மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தால்தான் நிறுத்துவார்கள். யாரோ அவருக்கு "இலையை மடிச்சிருங்க" என்று சொல்லிக்கொடுத்தார்கள். அவர் நல்ல பிள்ளையாகத் தனக்கு எதிர்ப்பக்கமாக மடித்துவிட்டார். துக்க வீட்டில்தான் அப்படி மடிப்பார்கள். முதலாளியின் அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று, ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் அந்த இலையைத் தானே எடுத்துவிட்டு, பாயசம் ஒரு டம்ளரில் கொண்டு வந்து கையில் கொடுத்தார். அந்தப் பெரியம்மா செய்ததை நான் இன்றைக்கும் நினைத்துக்கொள்வேன்.

ஜூன் 6

நம் இலக்கணத்திலேயே இது இருக்கிறது என்று நேற்று ராத்திரி ஞாபகம் வந்தது. பள்ளியில் எண்வகை விடை படித்தோமே, எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? சுட்டு, மறை, நேர், ஏவல், வினா எதிர் வினாதல், உற்றது உரைத்தல், உறுவது கூறல், இனமொழி. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் வரிசைப்படுத்தியது. முதல் மூன்றும் வெளிப்படையான விடை. மீதி ஐந்தும் குறிப்பாக வருகிறவை, ஆனாலும் விடைதான் என்கிறது நன்னூல். அதற்கும் வெகுகாலம் முந்திய தொல்காப்பியமே, கேள்விக்குப் பதிலாக ஒரு கேள்வி வந்தால் அதுவும் பதில் என்று ஒத்துக்கொள்கிறது.

பரீட்சைக்குப் படித்ததோடு விட்டுவிட்டோம். இப்போது சாயப்பட்டறைக்குக் கொண்டு வந்து பாருங்கள். "வெள்ளிக்கிழமை துணி தருவீங்களா?" என்று கேட்கிறேன்.

"தர்றனுங்க." இது நேர்.

"தர முடியாதுங்க." இது மறை. இதை நான் அபூர்வமாகத்தான் கேட்டிருக்கிறேன்.

"வேற பட்டறையில ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்." ஏவல்.

"உங்களுக்குத் தராம இருப்பனுங்களா?" வினா எதிர் வினாதல். இது வந்துவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம், துணி வந்துவிடும்.

"பாய்லர்ல வேலை ஓடிட்டிருக்குதுங்க." உற்றது உரைத்தல், நேர்ந்திருப்பதைச் சொல்லிப் பதிலை உணர்த்துவது.

"அவசரப்படுத்துனா ஷேடு மாறிப்போயிருமுங்க." உறுவது கூறல், நேரப்போவதைச் சொல்வது.

"வெள்ளை வேணுமின்னா நாளைக்கே அனுப்பறனுங்க." இனமொழி, கேட்டதற்கு இனமான வேறொன்றைச் சொல்வது.

சுட்டு, அதாவது 'இது', 'அங்கே' என்று சுட்டிக்காட்டுவது மட்டும் இந்தக் கேள்விக்குப் பொருந்தாது. மற்ற எல்லாமே ஒரு வாரத்துக்குள் என் போனில் வந்துவிடும். பேச்சைக் கூர்ந்து கேட்ட ஒருவர், இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னால் இதைக் கோளாறு என்று ஒதுக்காமல் பதிலாகக் கணக்கில் எடுத்திருக்கிறார். இலக்கணம் படித்தவர்கள் மேற்கொண்டு எழுதினால் சந்தோஷப்படுவேன்.

ஜூன் 6, சற்று கழித்து

தலையாட்டலைப் பற்றிக் கேட்டவருக்கு: வீடியோ காலில் அது பெரிய பாடுதான். நாம் பக்கவாட்டில் லேசாக ஆட்டுவது 'கேட்டுக்கிட்டிருக்கேன்' என்பதற்கா, 'சரி' என்பதற்கா, 'தெரியல' என்பதற்கா என்று அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. பல்கேரியாவில் தலையை மேலே தூக்கினால் இல்லை என்று அர்த்தம், பக்கவாட்டில் அசைத்தால் ஆமாம். ஆகவே நாம் மட்டும் விசித்திரமில்லை. எங்கள் டீமில் கால் முடிந்ததும் பேசியதை நாலு வரியில் மெயில் போட்டுவிடுகிறோம்.

ஜூன் 8

கொரிய விமானிகள் கேப்டனை எதிர்த்துப் பேசப் பயந்ததால்தான் விமானங்கள் விழுந்தன, கிழக்கத்திய மரியாதையின் விலை அது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இந்த வாதம் பல இடங்களில் சுற்றுகிறது. அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

விமானப் பாதுகாப்புப் பாடத்தில் திரும்பத் திரும்ப வரும் விபத்து ஒன்று அமெரிக்காவில் நடந்தது. 1978 டிசம்பர் 28, ஓரிகான் மாநிலம், போர்ட்லாந்து. யுனைடெட் ஏர்லைன்ஸின் டி.சி.-8 விமானம். இறங்கும் நேரத்தில் சக்கரம் சரியாக இறங்கியதா என்ற சந்தேகம். கேப்டன் அந்தச் சிக்கலிலேயே மூழ்கிப்போய், சுமார் ஒரு மணி நேரம் விமானத்தை வட்டமடிக்க வைத்தார். எரிபொருள் குறைந்துகொண்டே வருவது துணை விமானிக்கும் ஃப்ளைட் என்ஜினியருக்கும் தெரியும். மீதி எவ்வளவு என்று சொன்னார்கள், நிலைமை இது என்று குறிப்புக் காட்டினார்கள். 'இப்போதே இறங்கியாக வேண்டும்' என்று அழுத்திச் சொல்லவில்லை. கடைசியில் என்ஜின்கள் ஒவ்வொன்றாக நின்று, விமானம் ஊருக்குள்ளேயே விழுந்தது. 10 பேர் இறந்தார்கள்.

நன்னூல் கணக்கில் அது உற்றது உரைத்தல். பேசியவர்கள் அமெரிக்கர்கள்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1977 மார்ச் 27, ஸ்பெயினின் டெனெரிஃபே தீவு. பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். டேக் ஆஃப் ஓட்டத்தைத் தொடங்கிவிட்ட டச்சு விமானத்தில், அந்த இன்னொரு விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று ஃப்ளைட் என்ஜினியர் கேள்வியாகக் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொல்லிவிட்டார். அதற்கு மேல் என்ஜினியர் பேசவில்லை. நேர்ப்பேச்சுக்குப் பேர்போன நாட்டுக்காரர்கள்தான் இவர்களும்.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே விழுந்த கொலம்பிய விமானம் இன்னொரு மாதிரி. காத்திருக்க வைத்துக் காத்திருக்க வைத்து எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. தீர்ந்துகொண்டிருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லவும் செய்தார்கள். ஆனால் 'அவசர நிலை' என்று முறைப்படி அறிவிக்கவில்லை. கேட்டவர்களுக்கு அது வழக்கமான பேச்சாகவே பட்டது. 73 பேர் இறந்தார்கள்.

தேசத்தை விட பதவிதான் இங்கே பேச்சை வளைக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கீழே இருப்பவர் குறிப்பாகச் சொல்வார், மேலே இருப்பவர் காது கொடுக்காமல் இருக்கலாம். போர்ட்லாந்துக்குப் பிறகு அமெரிக்க விமான நிறுவனங்கள் இதைப் பயிற்சியாகவே ஆக்கின. 1979இல் நாசா ஒரு பயிலரங்கு நடத்தியது, 1981இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் பயிற்சியைத் தொடங்கியது. கீழே இருப்பவர் துணிந்து சொல்வதற்கும், கேப்டன் கேட்டுக்கொள்வதற்கும் சேர்த்துத்தான் அந்தப் பயிற்சி. இந்த இரண்டாவது பாதியை நம் அலுவலகங்களில் யாரும் நடத்திப் பார்த்ததில்லை. 'தைரியமாகப் பேசு' என்று ஜூனியர்களுக்கு மட்டும் வகுப்பு எடுக்கிறார்கள்.

ஜூன் 9

ஜூன் 4 அன்று "இங்கே யாரும் ஏமாறவில்லை" என்று எழுதினேன். அதற்கு ஓர் எல்லை போட்டுக்கொள்கிறேன். ஒரே ஊர், ஒரே தொழில், கிட்டத்தட்ட சமமான இரண்டு பேர் என்கிற இடத்தில்தான் அது நிற்கும். ஒடிசாவிலிருந்து வந்து செக்கிங் டேபிளில் நிற்கும் பெண்ணுக்கும் லைன் சூப்பர்வைசருக்கும் நடுவில் நிற்காது. அதைத் தனியாக எழுத வேண்டும், நேரம் கிடைக்கட்டும்.

ஜூன் 11

செவிலியராக இருக்கும் தோழி ஒருவர் கேட்டிருக்கிறார்: நோயைப் பற்றி நோயாளியிடம் சொல்லாமல் குடும்பத்தாரிடம் மட்டும் சொல்கிறார்களே, அதையும் பண்பாடு என்று நியாயப்படுத்துவீர்களா?

எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் நடந்தது. கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரி. டாக்டர் அக்காவையும் என்னையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். "அவருகிட்டச் சொல்லீராதீங்க டாக்டர்" என்று அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். உள்ளே வந்ததும் பெரியப்பா என்ன என்று கேட்கவே இல்லை. மறுநாள் மோர் குடித்துக்கொண்டே, "தோப்புக்குச் சொட்டுநீர் போட்ட கடன் எவ்வளவு பாக்கியின்னு சொசைட்டியில கேட்டு எழுதி வைய்யி சாமி" என்றார். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். "எதுக்குங் பெரியப்பா இப்ப" என்று கேட்டுக்கொண்டே நான் ஒரு தாளை எடுத்தேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், வரப்புத் தகராறில் எதுவரைக்கும் விட்டுக்கொடுக்கலாம், கறவை மாட்டை யார் வீட்டில் விட வேண்டும். எல்லாம் பேசினோம், நோயின் பெயர் மட்டும் கடைசி வரை வரவில்லை. அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும், தெரியும் என்பதும் இரண்டு பக்கமும் தெரியும்.

அந்த மனுஷனுக்கு அதுதான் சரியாக இருந்தது. நோயின் பெயரை முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அந்தத் தாள் எழுதப்பட்டிருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

ஜூன் 12

செவிலியர் தோழியின் பதிலைப் படித்தேன். "உங்கள் பெரியப்பா தானே புரிந்துகொண்டார். புரியாமல், கீமோ எதற்கு என்றே தெரியாமல் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்குத்தானே" என்கிறார். சொல்வது நியாயம். எந்த வைத்தியம், எது வரைக்கும் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் படுத்திருப்பவர்தான். வலிதணிப்பு மருத்துவத்தில் முதலில் நோயாளியிடமே "உங்க உடம்பைப் பத்தி எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்பறீங்க?" என்று கேட்கச் சொல்லித் தருகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருக்கிறது. நேராகச் சொல்லவா, சுற்றிச் சொல்லவா என்பதை அவர் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அவர் "எம் பையன்கிட்டச் சொல்லுங்க, போதும்" என்றால் அதுவும் அவருடைய பதில்தான்.

ஜூன் 13

பெண் பார்க்கும் பேச்சு வந்துவிட்டது, வராமல் இருக்காது. "ஊருக்குப் போய் போன் பண்றோம்" என்றால் பிடிக்கவில்லை என்று எல்லாருக்கும் தெரியும். பஜ்ஜி சாப்பிட்ட வீட்டில் உட்கார்ந்துகொண்டு 'வேண்டாம்' என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது என்பது என் கட்சி. ஜாதகம் ஒத்துவரவில்லை என்று தரகர் மூலமாகச் சொல்லி அனுப்புவதும் இப்படித்தான், பழியைக் கிரகத்தின் மேல் போட்டுவிட்டால் மனுஷர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

ஆனால் நாலைந்து இடத்தில் அதே காரணத்தைச் சொல்லிவிட்டால், 'அந்தப் பொண்ணு ஜாதகத்துல என்னமோ இருக்குது' என்று ஊரில் பேச்சாகிவிடும். முகம் நோகாமல் இருக்கச் சொன்ன பொய்க்கான விலையைப் பெண்தான் கொடுக்கிறாள். அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் யார் கேட்டார்கள் என்பது அதை விடப் பெரிய கேள்வி. எங்கள் சொந்தத்தில் ஒரு அக்கா. காபித் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்காமலே உள்ளே போனாள். "வெட்கப்படுது புள்ள" என்றார் ஒரு மாமா. எல்லாரும் சிரித்தார்கள், அன்றைக்கே பூ வைத்துவிட்டார்கள். பல வருஷம் கழித்து அவள் என்னிடம் சொன்னாள், சமையல்கட்டில் உட்கார்ந்து அப்பா ஒரு தடவை உள்ளே வந்து கேட்பார் என்று காத்துக்கொண்டிருந்தாளாம். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று சொல்லி வைத்திருக்கிறோமே, அந்தப் பழமொழி மேல் எனக்குத் தீராத கோபம். மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று முடிவு செய்வது எப்போதும் மௌனமாக இல்லாதவர்கள்தான்.

ஜூன் 15

9ஆம் தேதி விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். இந்த இழையில் நான் சொல்ல விரும்புவதே இதைத்தான்.

திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் என்பது சாதாரணம். ஷிப்மென்ட் நெருங்கினால் அதற்கு மேலும் போகும். சாயங்காலம் சூப்பர்வைசர் லைனில் வந்து நின்று, "சரக்கு போகணும், எல்லாரும் இருந்துருங்க" என்பார். அது கேள்வியே இல்லை, ஆனாலும் பதில் வரும். ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் ஒரு அக்கா, கையை எடுக்காமல், "பாப்பாவுக்கு நேத்துல இருந்து ஜுரமுங்க" என்றார். "நாளைக்கு டாக்டர்ட்டப் போய்க்கலாம்க்கா" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அதே சூப்பர்வைசருக்கு அதே சாயங்காலம் காம்பாக்டிங்கிலிருந்து போன் வந்தது. மெஷினில் ஏதோ சத்தம் வருகிறது என்றார்கள். "சரி, இன்னிக்கு வராது, நாளைக்கு மத்தியானத்துக்குப் பிளான் பண்ணிக்கிறேன்" என்று உடனே லைனை மாற்றிவிட்டார். மெஷினின் சத்தம் 'முடியாது' என்பதாக அவருக்குப் புரிகிறது. குழந்தையின் ஜுரம் புரியவில்லை. இரண்டும் உற்றது உரைத்தல்தான். காம்பாக்டிங்காரர் நாளைக்கு வேறு கம்பெனிக்குப் போய்விட முடியும். அந்த அக்காவால் முடியாது. புரிந்துகொள்ளாமல் இருக்கும் வசதி சூப்பர்வைசருக்கு இருக்கிறது.

வடக்கிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு அந்தக் குறிப்புப் பேச்சும் கைவராது. தமிழில் நாலு வார்த்தை, இந்தியில் நாலு வார்த்தை. ஹாஸ்டலில் தங்கியிருக்கிறார்கள், வேலை முடிந்து திரும்புவதும் கம்பெனி வண்டியில்தான். அவர்கள் சும்மா இருப்பார்கள், அதை ஒப்புதலாக எழுதிக்கொள்வார்கள். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்று சட்டமே சொல்கிறது. அது கொடுக்கப்படும் இடத்திலும், இருக்க விருப்பமா என்று யாரும் கேட்பதில்லை.

இதைப் படித்துவிட்டு 'அப்போ நேராகச் சொல்லப் பழக்குங்கள்' என்று யாராவது எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாக்காவுக்குப் பக்கத்தில் சாவர் என்ற இடத்தில் ராணா பிளாசா என்றொரு எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டார்கள். மேலே இருந்த கார்மென்ட் தொழிலாளர்களை மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். உள்ளே வர மாட்டோம் என்று வாசலிலேயே தயங்கி நின்றவர்கள் உண்டு. சம்பளத்தைப் பிடித்துவிடுவோம் என்று மிரட்டி அனுப்பினார்கள். ஏப்ரல் 24 காலை கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அவர்கள் சுற்றி வளைத்துப் பேசியதாலா செத்தார்கள்? நாங்கள் தைப்பது போன்ற துணிகளைத்தான் அவர்களும் தைத்தார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் ஃப்ளோரில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூன் 16

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளரைக் குறிப்பிட்டு ஒருவர் நல்ல பதிவு போட்டிருக்கிறார். சூழலிலேயே பாதிப் பொருள் தங்கியிருக்கும் பேச்சு, எல்லாவற்றையும் சொல்லில் போட்டு உடைக்கும் பேச்சு என்று 1970களில் அவர் பிரித்துக் காட்டினார். ஜப்பான் ஒரு கோடி, ஜெர்மனியும் ஸ்விட்சர்லாந்தும் மறுகோடி. நல்ல பிரிவுதான், எனக்கு வேலையில் உதவியும் இருக்கிறது. கம்பெனிகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகளில் அதை நாட்டு லேபிளாக ஒட்டிவிடுகிறார்கள், அதுதான் வருத்தம். ஜெர்மன்காரர் இப்படி, இந்தியர் அப்படி என்று ஸ்லைடு ஓடுகிறது. அதே இந்தியர் தன் டிரைவரிடம் எவ்வளவு நேராகப் பேசுகிறார் என்று ஸ்லைடில் வருவதில்லை.

ஜூன் 20

இழையைத் தொடங்கிய நண்பர், "சரி, வேலையில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார். நான் செய்வதை எழுதுகிறேன்.

ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வியை ஜாப் ஒர்க்காரர்களிடம் நான் கேட்பதை விட்டுவிட்டேன். "வெள்ளிக்கிழமை வருமா?" என்று கேட்க மாட்டேன். "இப்ப எந்த லாட் மெஷின்ல இருக்குதுங்க? அடுத்தது யாரோடதுங்க? நம்மது எப்ப ஏறும்?" என்று கேட்டால் யாருக்கும் முகம் கோணாது, தேதி தானாக வந்து விழும். உங்கள் டீமிலும் "முடியுமா?" என்பதை விட்டுவிட்டு "முதல்ல எதை முடிக்கணும்? கையில வேற என்ன இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஓவர்டைமுக்குப் புரொடக்ஷன் மேனேஜரிடம் சண்டை பிடித்து ஒரு மாற்றம் கொண்டு வந்திருக்கிறோம், இப்போதைக்கு இரண்டு லைனில் மட்டும். முந்தைய நாள் மத்தியானமே கேன்டீன் பக்கத்தில் தமிழிலும் இந்தியிலும் ஒரு தாள் ஒட்டுகிறோம். இருக்க விருப்பமுள்ளவர்கள் பெயர் எழுதலாம். எழுதாதவர்கள் காரணம் சொல்ல வேண்டியதில்லை, சூப்பர்வைசர் அந்தப் பக்கம் நிற்கக் கூடாது. ஆடைத் தொழிற்சாலைப் பெண்களைத் தொந்தரவுகளிலிருந்து காக்க 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றிப் படித்தபோது தோன்றியது இது. அங்கே பெண் தொழிலாளர்களிலேயே சிலருக்குப் பயிற்சி கொடுத்து, தளத்தில் நடக்கும் தொந்தரவுகளைக் கேட்டறிந்து மேலே கொண்டுபோக ஏற்பாடு செய்தார்கள். மேலதிகாரியிடம் சொல்ல முடியாததைப் பக்கத்து மெஷின்காரியிடம் சொல்ல முடிகிறது. எங்கள் தாள் அந்த அளவுக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்த ஓவர்லாக் அக்கா இப்போது பாதி நாள் பெயர் எழுதுவதில்லை, யாரிடமும் ஜுரம் என்று சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

இதற்குச் செலவு உண்டு, மறைக்க மாட்டேன். தாளில் பெயர்கள் குறைந்தன, ஒரு ஆர்டர் இரண்டு நாள் தள்ளிப்போயிற்று. டச்சு அம்மாவுக்கு முன்கூட்டியே எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது, புதுத் தேதியைப் போட்டுக்கொண்டார். ஜெர்மன் பையர் ஒருவர் தள்ளுபடி கேட்டு வாங்கிக்கொண்டார், அதில் முதலாளிக்கு என் மேல் மனத்தாங்கல். அடுத்த சீசனுக்கு ஆர்டர் பேசும்போதே தேதியைத் தள்ளிக் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறேன். திருப்பூர், கரூர், ஈரோட்டில் வேறு யாராவது இந்த மாதிரி தாள் முறை வைத்திருந்தால், மூன்றாவது நான்காவது லைனுக்கு எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று எழுதுங்கள், முதலாளியிடம் காட்ட வேண்டும்.